மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள்

எங்கள் ஊரில் வேலையைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். மழையைப் பற்றிக்கூட சிலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். அடுத்தவன் வேலையைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார்கள். மாரியூர், ராமநாதபுரம் மாவட்டம் கடலாடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். வெளியூர்க்காரர்களுக்குப் பூவேந்தியநாதர் கோயிலை வைத்துத் தெரியும். எங்களுக்குக் கடல், பனை, உப்பளம், கரிமூட்டம், மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் நூறுநாள் வேலை. கொரோனா சமயத்தில் சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்து, கம்பெனி திரும்பக் கூப்பிடாததால் இங்கேயே தங்கிப்போன என்னைப் போன்ற ஓரிருவரும் உண்டு.

டீக்கடையில் காதில் விழுகிறவற்றை அப்படியே சொல்கிறேன். "நூறுநாள் வேலைய நிப்பாட்டுனாத்தான் காட்டு வேலைக்கு ஆள் கெடைக்கும். மரத்தடியில உக்காந்து வெத்தலை போட்டுட்டு வாராளுக." இது மிளகாய்க் காடு வைத்திருப்பவர். "தாலுகா ஆபீஸ்ல வேலை பாக்குறது ஃபேன் மட்டுந்தான்." இது பட்டா மாறுதலுக்கு அலைந்துகொண்டிருப்பவர். "வாத்தியார்மாருக்கு வருசத்துல பாதி லீவு." இதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற போக்குவரத்துக் கழக ஓட்டுநர். அவர் எழுந்து போனதும் வாத்தியார் சொல்வது: "பஸ்காரன் பென்சன், நம்ம வரிப்பணம்." என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். "வீட்டுக்குள்ள ஃபேனப் போட்டுக்கிட்டு லேப்டாப்பத் தட்டுனா லட்ச ரூவா தாராய்ங்க. குடுத்துவச்சவன்."

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு சங்கதியைக் கவனித்தேன். யாருடைய ஓய்வு வெளியே தெரிகிறதோ அவரைத்தான் சோம்பேறி என்கிறோம். கண்மாயில் மண் வெட்டுகிற பெண்கள் வெயில் ஏறியதும் கரையில் இருக்கிற ஒரே வேப்பமரத்தடியில் உட்காருகிறார்கள். அந்த மரம் சாலையோரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் போகிற நாற்பது பேரும் அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார்கள். காலை ஆறரைக்கு அவர்கள் மம்பட்டியோடு இறங்கியதை எந்த பஸ்ஸும் பார்க்கவில்லை. நான் மதியம் மூன்று மணிக்கு, சாப்பிட்ட மயக்கத்தில், திரையில் ஒரு எக்செல் தாளைத் திறந்துவைத்துக்கொண்டு கால் மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது தேடி வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "தம்பி வேலையா இருக்கான், சாயந்தரம் வாங்க" என்று அனுப்பிவிடுவார். என் சுவருக்கும் அவர்கள் வேப்பமரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கதவு.

இது கிராமத்துச் சங்கதி மட்டுமில்லை. தமிழ்நாட்டில் ஜவுளிக்கடைகளில் நிற்கிற பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொல்ல 2021ல் ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. கேரளம் 2018லேயே அதைச் செய்துவிட்டது. ஆள் வராத நேரத்தில் ஒரு மனுஷி ஸ்டூலில் உட்காருவதற்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது என்றால், உட்காருவதைப் பார்த்து நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது என்று யோசித்துப் பார்க்கலாம். முதலாளிக்கு மட்டும் இல்லை, சேலை எடுக்கப்போகிற நமக்கும்தான்.

நூறுநாள் வேலைக்கு வருவோம். 2005ல் வந்த மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் என்பது அதன் முழுப்பெயர். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் பெண்கள். கூலி 2024-25ல் ஒருநாளைக்கு 319 ரூபாய், 2025-26ல் 336 ரூபாய். டீக்கடையில் யாருக்கும் தெரியாத ஒன்று: இந்தக் கூலி வந்ததற்காகத் தரப்படுவதில்லை. ஓவர்சியர் வந்து வெட்டிய மண்ணை அளக்கிறார். நீளம், அகலம், ஆழம். அளவு குறைந்தால் கூலியும் குறையும். ஆக, வேலை நடந்ததா என்பதற்கு அத்தாட்சி அந்தக் குழியே. குழி எழுந்து ஓடிப்போகாது.

ஆனாலும் 2021 மே மாதம் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் என்.எம்.எம்.எஸ். என்ற செல்போன் செயலியைக் கொண்டுவந்தது. முதலில் விருப்பம் இருந்தால் என்றார்கள். 2022ல் இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் கட்டாயம் என்றார்கள். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயன்பெறும் வேலைகள் நீங்கலாக, எல்லா இடத்துக்கும் கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் எடுத்து ஏற்ற வேண்டும். படத்தோடு நேரமும் இடமும் பதிவாகும். இரண்டு படமும் இருந்தால் ஒருநாள் வருகை.

பணித்தளப் பொறுப்பாளராக இருப்பதும் அதே ஊர்ப் பெண்தான். போன் அவளுடைய சொந்தப் போன். டேட்டா அவளுடைய சொந்தக் காசு. கடற்கரை ஓரத்தில் சிக்னல் காற்றடிக்கிற திசையைப் பொறுத்தது என்று நாங்கள் கேலியாகச் சொல்வதுண்டு. அருகிலுள்ள ஓர் ஊராட்சியில் காலைப் படம் ஏறி, பிற்பகல் படம் ஏறாமல் சுற்றிக்கொண்டே நின்றது. பதினொரு பேருக்கு அன்றைய கூலி போயிற்று. அதில் என் அத்தையும் ஒருத்தி. வாக்கப்பட்ட ஊர் அது. ஓவர்சியர் அளந்த புத்தகத்தில் அன்றைக்கு வெட்டிய மண் இருக்கிறது. கண்மாயில் குழி இருக்கிறது. வெட்டியவர்கள்தான் இல்லை.

அத்தை இதைச் சொன்னபோது கோபப்படவில்லை. "அவுக எடுக்குற படத்துல நாம இருக்கணும்ல மருமகனே, நெசத்துல இருந்து என்ன செய்ய?" என்றார். வருகை என்ற சொல்லின் அர்த்தம் எங்கே மாறிப்போனது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

படம் எடுக்க ஆரம்பித்த பிறகு இன்னொன்றும் நடந்தது. முன்பெல்லாம் விடியக்கருக்கலில் இறங்கி, அளவுக்கு உள்ள மண்ணை வெயில் ஏறுமுன் வெட்டி முடித்து, வீட்டுக்குப் போய் ஆட்டைப் பத்திவிடுவார்கள். இப்போது பிற்பகல் படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். எங்கே காத்திருப்பது? அதே வேப்பமரத்தடியில். சோம்பேறித்தனத்தைப் பிடிக்க வந்த கருவி, முன்பு வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர்களை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டது. பஸ்ஸில் போகிறவர் இப்போது அவர்களை முன்பைவிட அதிக நேரம் பார்க்கிறார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான வேலைகள் உண்டு. என் தாத்தா பனையேறி. காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளை சீவ வேண்டும். சீவாமல் விட்டால் பாளை வற்றிப்போகும். அவர் வந்தாரா இல்லையா என்பதை மரமே சொல்லும். கலயத்தைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்பளத்திலும் அப்படித்தான். மாரியூரிலிருந்து வாலிநோக்கம் வரை தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அளங்கள் விரிந்து கிடக்கின்றன. 1974ல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. பாத்தியில் உப்பு வாரிக் குவித்திருக்கிறதா என்பது அம்பாரத்தைப் பார்த்தாலே தெரியும். வெயிலுக்கு முந்த வேண்டும் என்று ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கே அளத்தில் இறங்குகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் அவர்களைப் பார்க்க யாரும் இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

இதைச் சொல்வதால் பனையேறியும் உப்பளத் தொழிலாளியும் சுதந்திரமாக இருந்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாத்தாவின் பதநீரில் பாதி மரத்துக்காரருக்குப் போனது. உப்பளக்காரர்களின் காலும் கண்ணும் என்ன கதியாகின்றன என்பது தனிக் கட்டுரைக்குரியது. சுரண்டல் இருந்தது, கண்காணிப்பு தேவைப்படவில்லை. இரண்டும் வேறு வேறு.

வேலையைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? 'பனாப்டிகான்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா என்று அறையில் இருப்பவருக்குத் தெரியாது, ஆகவே எப்போதும் பார்க்கப்படுவதாகவே நினைத்து நடந்துகொள்வார். ஜெரமி பெந்தமின் சிறைச்சாலைத் திட்டம் என்றுதான் கல்லூரியில் சொல்லித்தருகிறார்கள். அதன் முதல் யோசனை அவருடைய தம்பி சாமுவேலுடையது என்பதும், அது சிறைக்காக யோசிக்கப்பட்டதே இல்லை என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1780களில் சாமுவேல், ரஷ்யப் பிரபு பொத்தெம்கினின் கிரிச்செவ் பண்ணையில் தொழிற்கூடங்களை நடத்திக்கொண்டிருந்தார். இன்றைக்கு அந்த இடம் பெலாரஸில் இருக்கிறது. வேலையாட்களை ஒரே இடத்திலிருந்து மேற்பார்வையிட அவர் யோசித்த கட்டடம் அது. அங்கே போய்த் தங்கிய அண்ணன் அதைப் பற்றிக் கடிதங்கள் எழுதினார். 1791ல் அவை புத்தகமாயின. தொழிற்கூடத்திலிருந்து சிறைக்குப் போன யோசனை. நாம் சிறையிலிருந்து தொழிற்கூடத்துக்கு வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "நீங்க சொல்றதெல்லாம் சரி தம்பி. ஆனா செத்தவன் பேருல கூலி போச்சா இல்லையா? துபாய்ல இருக்கவன் பேரு என்.எம்.ஆர்.ல இருந்துச்சா இல்லையா? அதைத் தடுக்க வேணாமா?" என்.எம்.ஆர். என்பது வருகைப்பதிவேடு. அவர் சொல்வது உண்மை. போலிப் பெயர்கள் இருந்தன. நாடு முழுக்க சமூகத் தணிக்கைகளில் அது வெளிவந்திருக்கிறது. கூலி போகிற இடத்தில் கணக்குக் கேட்பதே தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் சந்தேகப்படுவதும் இரண்டுமே தீராத துன்பம் என்று வள்ளுவர் தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். அவர் அரசனுக்குச் சொன்னது, அமைச்சகத்துக்கும் பொருந்தும்.

ஆனால் அந்தப் பதிவேட்டை முதலில் கேட்டது யார் என்று சாரிடம் நான் திருப்பிக் கேட்டேன். ராஜஸ்தானில் 1990ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு இருக்கிறது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் தேவ்டுங்ரி என்ற சின்ன ஊரில் குடிசையில் இருந்துகொண்டு நடத்தியது. பஞ்ச வேலைகளுக்குப் போனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வரவில்லை. ஏன் என்று கேட்டால், பதிவேட்டில் நீ அவ்வளவு வேலை பார்க்கவில்லை என்று பதில் வந்தது. அப்படியானால் பதிவேட்டைக் காட்டு என்றார்கள். அது அரசாங்க ரகசியம் என்றார்கள். 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் ஊர் கூட்டி, கைக்குக் கிடைத்த பதிவேட்டைச் சத்தமாக வாசித்தார்கள். பெயர் வாசிக்க வாசிக்க, கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து தங்களுக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார்கள். வேலைக்கே போகாதவர் பெயரும் இருந்தது, கட்டாத கட்டடத்துக்குக் கணக்கும் இருந்தது. அங்கே தொடங்கியதுதான் 2005ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து நின்றது.

அங்கேயும் கண்காணிப்புதான் நடந்தது. ஆனால் பார்த்தவர்கள் கூலிக்காரர்கள், பார்க்கப்பட்டது அலுவலகம். போலிப் பெயரைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு எந்தச் செயலியும் வேண்டியிருக்கவில்லை. செத்துப்போனவன் யார், துபாய்க்குப் போனவன் யார் என்பது ஊருக்குத் தெரியும். தெரியாதது பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான். இப்போது அந்தத் தாளின் இடத்துக்குப் படம் வந்திருக்கிறது. தாள் இருந்த காலத்தில் என் அத்தை கையெழுத்துப் போடும்போது, பக்கத்தில் இல்லாத பெயர் ஒன்று எழுதியிருந்தால் எட்டிப் பார்த்து, "இது ஆரு பேரு?" என்று கேட்க முடிந்தது. படம் எடுத்தபின் போன் பைக்குள் போய்விடுகிறது.

போலிகள் ஒழிந்தார்களா என்றால், அதற்கு அமைச்சகமே பதில் சொல்லியிருக்கிறது. 2025 ஜூலையில் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், சம்பந்தமே இல்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள், பதிவில் உள்ள எண்ணிக்கைக்கும் படத்தில் இருக்கிற தலைகளுக்கும் பொருத்தமில்லை, ஆண் பெண் கணக்கு மாறுகிறது, ஒரே ஆட்கள் பல பதிவேடுகளில் வருகிறார்கள், பிற்பகல் படமே இல்லை என்றெல்லாம் அடுக்கியிருந்தது. தீர்வாக என்ன சொன்னார்கள் தெரியுமா? ஊராட்சி அளவில் நூற்றுக்கு நூறு படங்களையும் ஆட்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். ஆட்களை நம்ப முடியாது என்று கருவி வந்தது. கருவியை நம்ப முடியாமல் மறுபடி ஆட்கள் வந்தார்கள். நடுவில் கூலி இழந்தவர்களுக்கு இந்தச் சுற்றில் இடம் இல்லை. 2023 பிப்ரவரியில் தில்லி ஜந்தர் மந்தரில் பல மாநிலத் தொழிலாளர்கள் நூறு நாள் தர்ணா தொடங்கியது இந்தச் செயலியையும் ஆதார்வழிக் கூலியையும் எதிர்த்துத்தான். அவர்கள் சொன்னதைத்தான் இரண்டு வருடம் கழித்துச் சுற்றறிக்கை தன் பாஷையில் சொன்னது.

அரசாங்கத்தின் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று இப்போது பார்க்கலாம். சட்டப்படி வேலை பார்த்த பதினைந்து நாட்களுக்குள் கூலி வர வேண்டும். தாமதமானால் பதினாறாம் நாளிலிருந்து, ஒரு நாளைக்கு நிலுவைக் கூலியில் 0.05 விழுக்காடு இழப்பீடு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 319 ரூபாய்க் கூலிக்கு ஒருநாள் தாமதத்தின் விலை ஏறத்தாழ 16 காசு. அத்தையின் படம் ஒரு வேளை ஏறாவிட்டால் 319 ரூபாய் முழுசாகப் போகும். அரசாங்கம் ஒருநாள் வராவிட்டால் 16 காசு. 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கூலிப் பணம் வராமல் நின்றது. 2025 மார்ச்சில் பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று சொல்லி தி.மு.க. ஒன்றியங்கள்தோறும் ஆர்ப்பாட்டம் நடத்தியது. உத்தரப் பிரதேசத்தைவிட உங்களுக்கு அதிகமாகத்தான் கொடுத்திருக்கிறோம் என்று தில்லியிலிருந்து பதில் வந்தது. எங்கள் டீக்கடையும் இரண்டாகப் பிரிந்து கத்தியது. யார் பக்கம் நியாயம் என்று சண்டை போட்டவர்களில் ஒருவரும் கண்மாய்க்குப் போகிறவர் இல்லை. போகிறவர்கள் அந்த நேரத்தில் பிற்பகல் படத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். பொங்கல் அவர்களுக்குக் கடனில் வந்தது.

மாநில ஆட்சியை மட்டும் நல்லபிள்ளையாக்கவும் எனக்கு மனசில்லை. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழிசெய்கிற மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றியது அன்றைய தி.மு.க. அரசுதான். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்ததால் மூன்று நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது நல்லது. கொண்டுவரத் தோன்றியது எப்படி என்பதுதான் என் கேள்வி. அந்த வருடம் அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் தொண்ணூறுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். இவர்களைத் திட்டுவது எளிது. இணையத்தில் எல்லோரும் திட்டினார்கள், நானும் படித்துச் சிரித்தேன். ஆனால் மரத்தடிப் பெண்களைப் பற்றி எங்கள் மிளகாய்க்காட்டுக்காரர் சொல்வதும் இதுதானே? தன் நேரத்தைத் தானே வைத்துக்கொள்ள முடிந்தவர், அடுத்தவர் நேரத்துக்குக் கணக்குப் போடுகிறார். தொகை மட்டும்தான் வேறு.

என் விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வருடம் நான் வேலை பார்க்கிற இடத்தில் எல்லோர் லேப்டாப்பிலும் ஒரு மென்பொருள் போட்டார்கள். விசைப்பலகையும் மவுஸும் ஐந்து நிமிடம் அசையாவிட்டால் பச்சைப் புள்ளி மஞ்சளாகும். வாரக் கடைசியில் மேனேஜருக்கு ஓர் அறிக்கை போகும். எங்கள் குழுவில் பொங்கி எழுந்தார்கள். தனிமனித கண்ணியம், அந்தரங்க உரிமை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் வாட்ஸ்அப்பில் பறந்தன. எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. யோசிப்பது என்பது என் வேலையில் முக்கால் பங்கு. யோசிக்கும்போது கை அசையாது. இரண்டே நாளில் ஒருவர் மவுஸைத் தானாக அசைக்கும் சின்னக் கருவியை இணையத்தில் வாங்கியிருப்பதாகச் சொன்னார். அது புதிதில்லை. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024ல் விசைப்பலகை அசைவைப் போலியாக உண்டாக்கினார்கள் என்று ஒரு டஜன் பேருக்கு மேல் வேலையைவிட்டு அனுப்பியது. படத்தைப் படம் எடுக்கிற பணித்தளமும், மவுஸை ஆட்டிவிடுகிற வங்கியும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. இருப்பதற்குக் கூலி என்றால் இருப்பதாகக் காட்டுவதற்கு ஆள் வரும்.

ஆனால் எங்கள் குழுவில் பொங்கியவர்களில் பாதிப் பேர், நூறுநாள் வேலைக்குச் செயலி வந்தபோது "நல்ல விஷயம், இனிமே ஏமாத்த முடியாது" என்று எழுதியவர்கள். பழைய செய்திகளைத் தேடி எடுத்து அவர்களுக்கு அனுப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அனுப்பவில்லை. இதில் சாமர்த்தியம் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர்களுக்கு வந்த கோபம் உண்மையானது, சரியானது. அது கண்மாய்க்கரை வரைக்கும் நீள வேண்டும், அவ்வளவுதான். ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். என் புள்ளி மஞ்சளானால் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும், நான் விளக்கம் எழுதலாம். மனிதவளத்துறையில் பேசலாம், வேறு வேலை தேடலாம். அத்தையின் படம் ஏறாவிட்டால் விளக்கம் கேட்க யாரும் இல்லை. ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்வர ஒருநாள் ஆகும். அந்த ஒருநாள் கூலியும் போகும்.

டீக்கடையில் இப்போது பேச்சு வேறு திசைக்குப் போயிருக்கிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. காந்தி பெயர் போய்விட்டது. நூறு நாள் 125 நாளாகிறது. செலவில் நாற்பது விழுக்காட்டைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்க வேண்டும். விவசாய வேலை மும்முரமான காலத்தில் அறுபது நாள் வரை இந்த வேலையை நிறுத்திவைக்கலாம். மிளகாய்க்காட்டுக்காரருக்கு இது பிடித்திருக்கிறது. உயிரியளவை அடையாளமும், முறைகேட்டைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவும் இப்போது சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. மண் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன விரலில் ரேகை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை ரேஷன் கடைக்குப் போனால் தெரிந்துகொள்ளலாம். அங்கே விரலைத் தேய்த்துத் தேய்த்து வைக்கிற கிழவிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மாநிலம் நாற்பது விழுக்காடு கொடுத்ததா, தில்லி அறுபது அனுப்பியதா என்று சொல்கிற ஒரு செயலி, இரண்டு வேளையும் படத்தோடு, அத்தையின் போனுக்கு வருமா என்று சாரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு டீக்குக் காசு கொடுத்தார்.

அந்தப் படங்கள் முழு ரகசியம் என்றும் சொல்ல முடியாது. அரசு இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, தேதி, பதிவேட்டு எண் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால் பார்க்க வழி இருந்தது. ஒருநாள் சாயங்காலம் அத்தை வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துப்போய்த் தேடினேன். அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு காலைப் படம் கிடைத்தது. வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் கண்மாய்க் கரை, வெயில் எதிரே அடித்து முகமெல்லாம் கருப்பு. படமே உள்ளங்கை அகலம்தான். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது.

மூன்று வருடமாக நாளுக்கு இரண்டு வேளை படம் எடுத்திருக்கிறார்கள். அத்தை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

"மூஞ்சி ஒண்ணும் தெரியலையே. சேலைய வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்." விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "இது நம்ம மேலத்தெருக்காரி. இது அவ மருமக. இவ இப்ப திருப்பூருக்குப் போயிட்டா. இந்தா, பச்சைச் சேலை, இது நானு." பிறகு வரிசையின் கடைசியில் விரல் நின்றது. "இது ஆரு? இந்தச் சேலை எங்கூட்டுல ஆருகிட்டயும் இல்லையே மருமகனே. கொஞ்சம் பெருசாக்கிக் காட்டு."

பெரிதாக்கினேன். கட்டங்கள்தான் தெரிந்தன.